சமையல் எண்ணெய்: லிட்டரா, கிலோவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் வாங்கும்போது லிட்டர், சமையல் குறிப்பில் கப், தராசில் கிராம், ஊட்டச்சத்து அட்டவணையில் நூறு கிராமுக்கு இவ்வளவு. ஒரே பொருளுக்கு இத்தனை அளவு இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. அவசரமாகக் கணக்கு மட்டும் தேவைப்படுபவர்கள் முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடலாம்.

ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை கிராம் இருக்கும்?

910 முதல் 920 கிராம் வரை. எண்ணெய் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் 920-ஐ ஒட்டி வரும். 30 டிகிரியைத் தாண்டினால் 910 பக்கம் இறங்கும். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

மாற்றும் வழி ஒரே ஒரு பெருக்கல்தான். மில்லிலிட்டரை 0.91-ஆல் பெருக்கினால் கிராம். 100 மி.லி. எண்ணெய் 91 கிராம், 250 மி.லி. என்றால் 227 கிராம் சொச்சம், 750 மி.லி. என்றால் ஏறத்தாழ 682 கிராம், 5 லிட்டர் என்றால் 4.55 கிலோ. 0.92-ஆல் பெருக்குபவர்களும் உண்டு, அதிலும் தவறில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றில் ஒன்று. சமையலில் அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு கணக்கின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவாமல் இருந்தால் போதும். இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் சொல்லாத இடத்தில் 0.91 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ எண்ணெய் எத்தனை லிட்டர்?

1.1 லிட்டர், அதாவது 1,100 மி.லி. இங்கே பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: கிராமை 0.91-ஆல் வகுத்தால் மில்லிலிட்டர். அரை கிலோ ஏறத்தாழ 550 மி.லி., கால் கிலோ 275 மி.லி., 100 கிராம் 110 மி.லி.

எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று மறந்துபோகிறதா? எண்ணெயைப் பொறுத்தவரை மில்லிலிட்டர் எண்தான் எப்போதும் பெரியது, கிராம் எண் சிறியது. விடை அதற்கு நேர்மாறாக வந்தால் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

மனக்கணக்காகப் போட வழி இருக்கிறதா?

கிலோவிலிருந்து லிட்டருக்குப் போகும்போது பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 3 கிலோவா? 3 லிட்டரும் 300 மில்லியும். இது கிட்டத்தட்ட துல்லியமான விடை.

லிட்டரிலிருந்து கிலோவுக்கு வரும்போது பத்தில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். இதில் ஒரு சிறிய ஓட்டை இருக்கிறது. 1 கிலோவுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 1.1 லிட்டர். அதே 1.1 லிட்டரில் பத்தில் ஒன்றைக் கழித்தால் 0.99 கிலோ. பத்து கிராம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, கூட்டியது சிறிய எண்ணின் பத்தில் ஒன்று, கழித்தது பெரிய எண்ணின் பத்தில் ஒன்று. அந்த நூற்றில் ஒரு பங்கும் வேண்டுமென்றால், கழித்த பிறகு லிட்டர் ஒன்றுக்குப் பத்து கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 லிட்டரில் அரையைக் கழித்தால் 4.5, ஐம்பது கிராம் சேர்த்தால் 4.55 கிலோ.

எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக இருக்கிறதே, எடை எப்படிக் குறையும்?

கெட்டியாக ஓடுவது வேறு, கனமாக இருப்பது வேறு. அறை வெப்பத்தில் எண்ணெய் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு மெதுவாக ஓடும். ஆனாலும் ஒரே பாத்திரத்தில் இரண்டையும் ஊற்றினால் எண்ணெய்தான் மேலே மிதக்கிறது. மிதக்கிறது என்றாலே அதே கொள்ளளவுக்கு எடை குறைவு.

காரணம் மூலக்கூறுகளில் இருக்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. ஒன்றை ஒன்று பலமாக இழுத்துக்கொண்டு நெருங்கி அடைந்திருக்கும். எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றும் கார்பன், ஹைட்ரஜன் அணுக்களால் ஆன மூன்று நீண்ட வால்களைக் கொண்டது. வால்கள் ஒன்றோடொன்று சிக்கி உரசுவதால் மெதுவாக ஓடுகிறது. ஆனால் அவற்றால் நெருக்கமாக அடைய முடிவதில்லை, அதனால் எடையும் குறைகிறது. மெதுவாக ஓடுவது, கனமாகவும் இருப்பது என்று இரண்டும் சேர்ந்த பொருளுக்குத் தேனைச் சொல்லலாம். ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோவுக்கு வரும்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்தனி எண் வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏன் என்பதைக் கீழே உள்ள எண்களே சொல்லிவிடும். உணவுத் தரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ், தாவர எண்ணெய்களுக்குக் கொடுத்திருக்கும் ஒப்படர்த்தி வரம்புகள் இவை. 20 டிகிரியில், தண்ணீரை 1 என்று வைத்துச் சொன்னவை:

ஆலிவ் எண்ணெய்: 0.910 – 0.916
கடுகு எண்ணெய்: 0.910 – 0.921
நல்லெண்ணெய்: 0.915 – 0.924
மக்காச்சோள எண்ணெய்: 0.917 – 0.925
சூரியகாந்தி எண்ணெய்: 0.918 – 0.923
பருத்திவிதை எண்ணெய்: 0.918 – 0.926
சோயா எண்ணெய்: 0.919 – 0.925

கடலை எண்ணெயும் தவிட்டு எண்ணெயும் ஏறத்தாழ இதே வட்டத்துக்குள்தான். பட்டியலில் இலேசானதற்கும் கனமானதற்கும் இடையே நூற்றுக்கு இரண்டு பங்குகூட முழுதாக வரவில்லை. பொதுவாக, நிறைவுறாக் கொழுப்பு கூடக் கூட அடர்த்தி ஒரு மயிரிழை ஏறும். அதனால்தான் ஆலிவ் எண்ணெய் பட்டியலின் தொடக்கத்திலும் சோயா கடைசியிலும் நிற்கின்றன.

தேங்காய் எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. இவை 20 டிகிரியில் உறைந்துவிடும் அல்லது பாதி உறைந்து கிடக்கும். ஆகவே இவற்றை உருக்கி, அதிக வெப்பத்தில்தான் அளக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு 40 டிகிரியில் 0.908 – 0.921 என்றும் பாமாயிலுக்கு 50 டிகிரியில் 0.891 – 0.899 என்றும் போட்டிருக்கும். அந்த 40-ஐயும் 50-ஐயும் கவனிக்காமல், “பாமாயில் மற்ற எண்ணெய்களைவிட லேசானது” என்று எழுதிவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போது அளந்தது, அவ்வளவுதான்.

செக்கில் ஆட்டியதற்கும் ரீஃபைண்டுக்கும் எடை மாறுமா?

கணக்கில் எடுக்கும் அளவுக்கு மாறாது. நிறம், மணம், ருசி மாறும். சுத்திகரிப்பில் நீக்கப்படுபவை எண்ணெயின் எடையில் மிகச் சிறு பங்குதான்.

வெப்பநிலை மாறினால் கணக்கு எவ்வளவு மாறும்?

ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 0.7 பங்கு. எண்ணெய் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். எடை மட்டும் அசையாது.

15 டிகிரியில் நிரப்பிய ஒரு லிட்டரையும் 35 டிகிரியில் நிரப்பிய ஒரு லிட்டரையும் தராசில் வைத்தால் பதின்மூன்று, பதினான்கு கிராம் வித்தியாசம் தெரியும். வீட்டுக்கு இது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான டன் ஏற்றும் கப்பலுக்கு இது பெரிய தொகை. அதனால்தான் மொத்த வியாபாரத்தில் எண்ணெயை லிட்டரில் பேசுவதில்லை. டன் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். தொட்டியில் இருக்கும் எண்ணெயின் உயரத்தையும் வெப்பநிலையையும் அளந்து, அந்த வெப்பநிலைக்கு உரிய அடர்த்தியால் பெருக்கி எடையாக மாற்றிக்கொள்வார்கள். நாம் பாட்டிலுக்குப் போடும் அதே பெருக்கல்தான், வெப்பநிலை என்ற ஒரு படி மட்டும் கூடுதல்.

பொரிக்கும்போது வாணலியில் எண்ணெய் ஏறுவது இதனால்தானா?

ஓரளவு. 30 டிகிரியில் ஊற்றிய ஒரு லிட்டர், 180 டிகிரிக்குச் சூடானதும் 1.1 லிட்டரைத் தாண்டிவிடும். பொருளைப் போட்டதும் அது ஒரு இடத்தைப் பிடிக்கும். அதோடு அதிலுள்ள ஈரம் ஆவியாகி நுரைக்கும். மூன்றும் சேர்ந்துதான் பொங்கி வழிகிறது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாமல் இருப்பது நல்லது. கொதிக்கும் எண்ணெயை அளவுக் கப்பில் ஊற்றி அளக்காதீர்கள். ஆபத்து ஒருபுறம் இருக்க, வரும் எண்ணும் தவறாக இருக்கும்.

பாக்கெட்டில் “1 லிட்டர்” என்றும் “910 கிராம்” என்றும் இரண்டும் போட்டிருக்கிறதே, எதை நம்புவது?

எடையை. இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. ஆனால் லிட்டர் வெப்பநிலையோடு சேர்த்துச் சொன்னால்தான் பொருள்படும், கிராமுக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டு நிறுவனத்தின் ஒரு லிட்டர் பாக்கெட்டுகளில் ஒன்றில் 905 கிராம், மற்றதில் 915 கிராம் என்று இருந்தால், பத்து கிராம் எண்ணெய் எதில் கூடுதல் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். எண்ணெய் எந்த வெப்பத்தில் நிரப்பப்பட்டதாகக் கணக்கிடுகிறார்களோ அதற்கேற்ப கிராம் எண் ஏறும், இறங்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சரிபார்க்கலாம். பாக்கெட்டைப் பிரிக்காமல் எடை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயை ஊற்றி, நன்றாக வடியவிட்டு, வெறும் உறையை எடை போட்டுக் கழியுங்கள். லிட்டர் அளவைச் சரிபார்ப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். ஏனென்றால் வீட்டில் இருக்கும் தராசு பெரும்பாலும் அளவுக் கப்பைவிடச் சரியாக இருக்கும்.

ஒன்று லிட்டர் விலையில், இன்னொன்று கிலோ விலையில் விற்கிறது. எது மலிவு?

இரண்டையும் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். லிட்டர் விலையோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் கிலோ விலை. உதாரணத்துக்கு, லிட்டர் விலை 100 என்றால் அதன் கிலோ விலை 110. மற்றது கிலோ 105 என்றால் கிலோ கணக்கில் வாங்குவதே லாபம், எண் பெரிதாகத் தெரிந்தாலும்.

ஒரு லிட்டருக்கும் ஒரு கிலோவுக்கும் ஒரே விலை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிலோவை எடுங்கள். பத்தில் ஒரு பங்கு எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும்.

15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் ஒன்றா?

இல்லை, இடைவெளி பெரியது. 15 கிலோ எண்ணெய் ஏறத்தாழ 16.5 லிட்டர். 15 லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 13.65 கிலோ. கிலோவில் பார்த்தால் 1.35 கிலோ வித்தியாசம். டின்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால், மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். நிகர எடையா, டின்னோடு சேர்ந்த மொத்த எடையா என்றும் பாருங்கள். தகர டின்னே ஒரு கிலோவைத் தொடக்கூடியது.

ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் எத்தனை கிராம்?

15 மி.லி. மேசைக்கரண்டி என்றால் ஏறத்தாழ 13.7 கிராம், 14 என்று வைத்துக்கொள்ளலாம். 5 மி.லி. தேக்கரண்டி என்றால் 4.5 கிராம்.

ஆனால் ஆஸ்திரேலியச் சமையல் குறிப்பில் மேசைக்கரண்டி என்பது 20 மி.லி.; அதில் எண்ணெய் 18 கிராமுக்கு மேல். குறிப்பு எங்கே எழுதப்பட்டது என்று பார்க்காமல் 15 மி.லி. கரண்டியை எடுத்தால் கால் பங்கு எண்ணெய் குறைந்துபோகும். 0.91-ஆ, 0.92-ஆ என்று மல்லுக்கட்டுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டாம் தசமத்தில் வரும் பிழை நூற்றில் ஒன்று, கரண்டியில் வரும் பிழை நூற்றில் இருபத்தைந்து. முதலில் கரண்டியைக் கவனியுங்கள்.

சாப்பாட்டு மேசையில் கிடக்கும் சாதாரணக் கரண்டிக்கு எந்த அளவும் கிடையாது. அதை அளவாகப் பயன்படுத்த ஆசையென்றால், தராசில் ஒருமுறை பத்து கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வந்த கிராமைப் பத்தால் வகுத்தால் அந்தக் கரண்டியின் மில்லிலிட்டர் கிடைத்துவிடும்.

ஒரு கப் எண்ணெய்?

எந்தக் கப் என்பதைப் பொறுத்தது. மெட்ரிக் கப் 250 மி.லி., அதில் எண்ணெய் ஏறத்தாழ 228 கிராம். அமெரிக்கக் கப் 236.6 மி.லி., அதில் 215 கிராம். அந்நாட்டு ஊட்டச்சத்து அட்டவணைகளில் அதையே 240 மி.லி. என்று முழுமையாக்கி வைத்திருப்பதால் 218 என்றும் வரும். ஜப்பானியக் கப் 200 மி.லி., அதில் 182 கிராம்.

குறிப்பில் எல்லாமே கப்பில் சொல்லப்பட்டிருந்தால் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் குலையாது, அதே கப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மாவைக் கிராமிலும் எண்ணெயைக் கப்பிலும் சொல்லும் குறிப்புகள்தான் தலைவலி. அங்கே எண்ணெயையும் கிராமுக்கு மாற்றி எழுதிவைத்துவிடுவது உத்தமம்.

அவுன்ஸ் என்று போட்டிருந்தால்?

முதலில் அது எடை அவுன்சா, திரவ அவுன்சா என்று பாருங்கள். எடை அவுன்ஸ் 28.35 கிராம். அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மி.லி.; அந்த அளவு எண்ணெய் 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.41 மி.லி.; அதில் எண்ணெய் ஏறத்தாழ 26 கிராம். எண்ணெய்க்கு வெறுமனே அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் திரவ அவுன்ஸ் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் சரியாக வரும்.

கேலனிலும் இதே இரட்டைக் கணக்கு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், எண்ணெயாக 3.44 கிலோ. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், எண்ணெயாக 4.14 கிலோ. ஒரு பவுண்டு எண்ணெய் மட்டும் நமக்குச் சௌகரியமாக வந்து விழுகிறது: 453.6 கிராம் என்பது ஏறத்தாழ அரை லிட்டர்.

என் டிஜிட்டல் தராசில் மி.லி. என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை வைத்து எண்ணெய் அளக்கலாமா?

அளக்காதீர்கள். தராசுக்குக் கொள்ளளவு தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை மட்டும். மி.லி. பட்டனை அழுத்தினால், ஊற்றுவது தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு கிராமையே மில்லிலிட்டர் என்று காட்டும். சில தராசுகளில் பாலுக்கென்று தனியாக ஒன்று இருக்கும். அதுவும் எண்ணெய்க்கு உதவாது.

அந்தப் பட்டனை நம்பி 200 மி.லி. எண்ணெய் ஊற்றினால், உண்மையில் 200 கிராம் ஊற்றியிருப்பீர்கள். அது 220 மி.லி. கேக் எண்ணெய் கசிந்து கனமாக வந்தால் அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் தராசின் பட்டனைப் பாருங்கள். கிராமில் வைத்து, 200 மி.லி.-க்கு 182 கிராம் என்று ஊற்றுவதே சரி.

எண்ணெயைச் சரியாக அளக்க எளிய வழி எது?

எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைப்பது. பாட்டிலை வைத்து, பூஜ்யமாக்கி, எடுத்துத் தேவையான அளவு ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். தராசு -45 என்று காட்டினால் 45 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள், அதாவது ஏறத்தாழ 50 மி.லி. அளவுக் கப் வேண்டாம், அதைக் கழுவும் வேலையும் மிச்சம். முக்கியமாக, கப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு வராமல் நிற்கும் எண்ணெய் என்ற தொல்லை கிடையாது. தண்ணீரை அளக்கும்போது இந்த ஒட்டல் தெரியாது. எண்ணெயில், அதுவும் சின்னக் கரண்டியில், நன்றாகவே தெரியும்.

கலக்கும் பாத்திரத்தைத் தராசிலேயே வைத்து நேரடியாக ஊற்றுவதும் நல்ல வழிதான். ஒரே குறை, கை தவறி அதிகம் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது.

பத்து கிராமுக்குக் கீழே போனால் கதை மாறும். ஒரு கிராம் படியில் காட்டும் சமையலறைத் தராசு, 4.5 கிராமை 4 என்றும் காட்டலாம், 5 என்றும் காட்டலாம். அந்த மாதிரிச் சின்ன அளவுக்கு 5 மி.லி. அளவுக் கரண்டியே மேல். கண்ணாடி அளவுக் கப்பைப் பயன்படுத்துவதென்றால் சமதளத்தில் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

உறைந்த தேங்காய் எண்ணெயை, நெய்யை எப்படி அளப்பது?

எடை போடுங்கள். உறைந்தாலும் உருகினாலும் 100 கிராம் 100 கிராம்தான்.

கொள்ளளவில் அளந்தே ஆக வேண்டுமென்றால் உருக்கி அளக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகிவிடும், இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினாலே போதும். உறையும்போது அது சுருங்கும். ஜாடியில் உறைந்த எண்ணெயின் நடுவில் குழி விழுவது இதனால்தான். உறைந்ததைக் கரண்டியால் அள்ளி கப்பில் அடைத்தால் நடுநடுவே காற்றும் புகுந்துகொள்ளும். ஆகவே உறைந்த ஒரு கப்பும் உருகிய ஒரு கப்பும் எந்தப் பக்கம் எவ்வளவு விலகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உருகிய நெய்க்கு 0.91 என்ற அதே எண் பொருந்தும்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்தால் எவ்வளவு?

வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு சொச்சம்தான் கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், அதாவது 88 மி.லி. விட்டுப்போன தண்ணீருக்காக ஒரு மேசைக்கரண்டி பாலோ தண்ணீரோ சேர்க்கலாம். நெய்க்குப் பதில் என்றால் கழிக்க ஒன்றுமில்லை, எடைக்கு எடை.

கொழுப்பின் அளவு சரியாகிவிட்டாலும் பதம் அதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் காற்றைப் பிடித்து உப்ப வைக்கும் கேக்குகளில் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது.

ஊட்டச்சத்து அட்டவணையில் “100 மி.லி.-க்குக் கொழுப்பு 91 கிராம்” என்று இருக்கிறது. மீதி 9 கிராம் என்ன?

மீதி என்று எதுவும் இல்லை. 100 மி.லி. எண்ணெயின் மொத்த எடையே 91 கிராம்தான். அது முழுக்கக் கொழுப்பு. “100 கிராமுக்கு” என்று போட்டிருக்கும் இன்னொரு பாட்டிலில் 100 கிராம் கொழுப்பு என்று இருக்கும். இரண்டும் ஒரே எண்ணெயாகக்கூட இருக்கலாம். 91 போட்டிருப்பதில் கொழுப்பு குறைவு என்று நினைத்து வாங்காதீர்கள்.

கலோரியிலும் இதே பொறி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோ கலோரி. 100 கிராம் எண்ணெய்க்கு 900, 100 மி.லி.-க்கு ஏறத்தாழ 820. ஒரு 15 மி.லி. மேசைக்கரண்டிக்கு 120-ஐ ஒட்டி வரும். உணவுக் கணக்கு எழுதும் செயலிகளில் மி.லி.-யை கிராம் இடத்தில் போட்டால் கலோரி பத்தில் ஒரு பங்கு கூடிக் காட்டும்.

பொரித்த பொருள் எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

உத்தேசமாக முடியும். பொரிப்பதற்கு முன் வாணலியோடு எண்ணெயை எடை போடுங்கள். பொரித்து முடித்து, நன்றாக ஆறிய பிறகு, கரிந்த தூளை வடிகட்டிவிட்டு அதே வாணலியோடு மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராம்தான் பொருளோடு போனது. வடிதட்டிலும் காகிதத்திலும் ஒட்டியதும் அதில் அடங்கும். லிட்டரில் இதைச் செய்யப் போனால், ஆறாத எண்ணெயின் விரிவு கணக்கைக் கெடுத்துவிடும்.

வீட்டில் சோப்பு செய்ய எண்ணெயை மில்லிலிட்டரில் அளந்தால் என்ன?

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன்: கூடாது. சமையலில் பத்து சதவீதம் தவறினால் ருசிதான் மாறும். சோப்பில் காஸ்டிக் சோடா தோலில் படும்.

எண்ணெய் சோப்பாக மாற எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்ற கணக்கு முழுவதும் எடையில்தான் இருக்கிறது. ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.135 கிராம் சோடா. தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம். 500 கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 67.5 கிராம் தேவை. பாதுகாப்புக்காக ஐந்து சதவீதம் குறைத்து 64 கிராம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். எண்ணெயை 500 கிராமுக்குப் பதில் 500 மி.லி. ஊற்றினால், உள்ளே இருப்பது 455 கிராம். அதற்கு 61.4 கிராம் சோடாவே போதும். பாதுகாப்புக்கு விட்ட ஐந்து சதவீதமும் தீர்ந்து, இரண்டரை கிராமுக்கு மேல் சோடா வேலையில்லாமல் சோப்பிலேயே தங்கிவிடும்.

என்னிடம் இருக்கும் எண்ணெயின் அடர்த்தியை நானே கண்டுபிடிக்கலாமா?

கழுத்து குறுகிய ஒரு கண்ணாடிப் பாட்டிலும் தராசும் இருந்தால் போதும். கழுத்தில் ஒரு கோடு போடுங்கள். காலிப் பாட்டில் 240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கோடு வரை தண்ணீர் ஊற்றினால் 740. தண்ணீர் 500 கிராம். பாட்டிலை நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றினால் 697. எண்ணெய் 457 கிராம். 457-ஐ 500-ஆல் வகுத்தால் 0.914. தண்ணீரும் எண்ணெயும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்து ஒரே வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் கோடு ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே விடை ஆட்டம் காணும். அதனால்தான் குறுகிய கழுத்து.

அப்படியானால் அடர்த்தியை வைத்துக் கலப்படம் பிடிக்கலாமே?

முடியாது. மேலே கொடுத்த வரம்புகளை மறுபடி பாருங்கள்: ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. நல்லெண்ணெயில் சோயா எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்தாலும் அடர்த்தி வரம்புக்குள்ளேயேதான் நிற்கும். எடை சரியாக இருக்கிறது என்பது எண்ணெய் சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதற்குக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

இணையத்தில் இருக்கும் மாற்றுக் கருவிகள் ஆளுக்கொரு விடை தருகின்றனவே?

ஒவ்வொன்றும் வேறு அடர்த்தியை, வேறு கப்பை வைத்துக் கணக்குப் போடுகிறது. சோதித்துப் பார்க்க 1,000 மி.லி. என்று கொடுத்துப் பாருங்கள். 910-க்கும் 920-க்கும் நடுவில் வந்தால் அதை நம்பலாம். 1,000 கிராம் என்றே வந்தால் அது தண்ணீருக்கான கணக்கு. பிறகு ஒரு கப் என்று கொடுங்கள். 215-ஐ ஒட்டி வந்தால் அமெரிக்கக் கப், 228-ஐ ஒட்டி வந்தால் மெட்ரிக் கப்.